மூன்று துளைகள்

வடாலா லாரி நிறுத்தத்துக்குப் பின்பக்கம்,
மே மாதம் இருபத்தியேழு.
மழைக்குப் பத்து நாள் என்கிறது ரேடியோ,
ஆறே நாள் என்கிறான் தார்ப்பாய் விற்கிறவன்.

இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடக்கிறது
ஐம்பத்தெட்டாம் வருஷத்து லாரியின் இடக்கதவு.
வெளியே பார்த்தால் ஒரு குறையுமில்லை.
பச்சைப் பெயின்ட், அதன்மேல் வெளிறிய தாமரை,
அதன்கீழ் யாருக்கும் பயன்படாத பெர்மிட் எண்.
சுத்தியலின் பின்முனையால் கீழ்விளிம்பைத் தட்டிக்கொண்டே போனேன்.
டங். டங். டங்.
அப்புறம் பொத்.
அந்தப் பொத்திலிருந்துதான் என் கூலி தொடங்குகிறது.

கதவு உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.
சொன்னால் வண்டிக்காரர்கள் தலையாட்டிவிட்டு
வெளியே துடைத்துக்கொண்டிருப்பார்கள்.
கண்ணாடி இறங்கும் இடுக்கில்
மழை உள்ளே போகும். போகட்டும்,
அதற்காகத்தான் கீழே மூன்று துளை வைத்து
செய்தவன் செய்திருக்கிறான்.
பிற்பாடு வந்தவர்கள்
தீபாவளிக்குத் தீபாவளி பெயின்ட் அடித்து
துளைகளை அடைத்தார்கள், அழகாக.
அறுபத்துச் சொச்சம் மழைக்காலம்
போக வழியில்லாமல் நின்ற தண்ணீர்
என்ன செய்யும்?
தகரத்தைத் தின்றது.

உள்தகட்டைக் கழற்றியதும் கொட்டியவை:
வேப்பஞ்சருகு,
கண்ணாடி ஏற்றும் சக்கரத்தின் உடைந்த இரண்டு பல்,
ஒரு ஐந்து பைசா,
நாசிக் பாதைச் சுங்கச்சீட்டு, தேதி கரைந்தது,
அப்புறம் துரு.
மிளகாய்த்தூள் கடைக்காரன் கண்டால்
எடைபோட்டு விற்றுவிடுவான்.

நான்கு அங்குலம் வெட்டி எறிந்தேன்.
இருபது கேஜ் தகடு, விளிம்பு மடித்து
இங்கே ஒரு பொட்டு வெல்டிங், அந்தக் கோடியில் ஒரு பொட்டு,
சூடு ஆறியதைப் புறங்கையால் பார்த்து நடுவில் ஒன்று.
ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளம்.
அவசரக்காரன் செய்த கதவு
வெயிலில் அலையலையாகப் பல்லிளிக்கும்.
மிச்சத் துருவில் அமிலம் தடவினேன்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கறுத்தது.
துத்தநாகப் பிரைமர். மடிப்பில் சீலர்.

இனி மெழுகு.
என் கை அந்த ஓட்டையில் நுழையாது.
சகாயராணியின் கை நுழையும்.
முழங்கை வரை உள்ளே விட்டு
கண்ணை மூடிக்கொண்டு
டியூப் நுனியை மூலை மூலையாக நகர்த்துகிறாள்.
"இந்தா, இங்கன ஒரு மடிப்பு காஞ்சு கெடக்கு."
கம்ப்ரஸரை அழுத்துகிறேன்.
அந்த மடிப்பை முதலாளி தாராப்பூர்வாலா பார்க்கப்போவதில்லை,
நானும் பார்க்கப்போவதில்லை.
அவள்கூடப் பார்க்கவில்லை, தொட்டிருக்கிறாள்.
கடைசியில் ஓர் ஆணி எடுத்து
மூன்று துளையையும் குத்தித் திறந்தாள்.
மெழுகும் பெயின்ட் ஜாதிதான்,
நல்லது செய்கிறேன் என்று அடைத்துக்கொள்ளும்.

லாரி சினிமாவுக்கு வாடகைக்குப் போகிறதாம்,
கடைசி நாளில்தான் சொன்னார்.
கோரேகாவ் செட்டுக்கு நாங்களே ஓட்டிப்போனோம்.
காதில் பென்சில் செருகிய பையன் ஒருவன்
சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினான்.
"ரொம்பப் புதுசா இருக்கே" என்றான் இந்தியில்.
"கதைப்படி இது குளத்தில் கிடந்த லாரி."

தேயிலைத்தூள், பசை, செங்காவி, ஸ்பாஞ்சு.
நான் வெட்டி ஒட்டிய அதே நான்கு அங்குலத்தில்
அளந்து வைத்ததுபோல் துருவை வரைந்தான்.
நன்றாகவே வரைந்தான்,
ஓரத்தில் ஆரஞ்சு, நடுவில் கறுப்பு.
ஆனால் தாமரையிலிருந்து கீழே வழிந்த மாதிரி ஒரு கோடு.
துரு அப்படி வராது தம்பி என்று
தொண்டை வரை வந்தது.
என் கையிலிருந்த ஸ்பானரை
சகாயராணி வாங்கி வைத்துக்கொண்டாள்.

ராத்திரி பொய்மழை.
டேங்கர் தண்ணீர், நான்கு குழாய்.
கதாநாயகன் கதவை அறைந்து சாத்தினான், ஏழு முறை.
எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.
நாங்கள் இருவரும் குத்தவைத்து
கதவுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெளிப்பக்கம் தேநீர் வழிந்தது.
உள்ளிருந்து,
முதல் துளை: தெளிந்த தண்ணீர்.
இரண்டாவது: தெளிந்த தண்ணீர்.
மூன்றாவது யோசித்தது.
அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவுவதற்குள்
அதுவும் விட்டது.